அமாவாசை பார்த்துப் போக வேண்டிய ஊர்: கோல சிலாங்கூர்

கோல சிலாங்கூர், சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில் உள்ள சிற்றூர். கோலாலம்பூருக்கு வடமேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். கோலாலம்பூரை ஒட்டிய அம்பாங்கிலிருந்து புறப்பட்டால், சாலை நெரிசல் இல்லாத நேரத்தில் ஒன்றேகால் மணி நேரப் பயணம். ஒரு குன்று, குன்றின் மேல் பழைய கோட்டை, அடிவாரத்தில் அலையாத்திக் காடு, ஆற்றின் எதிர்க்கரையில் மீனவர் குடியிருப்பு, சற்று உள்ளே தள்ளி மின்மினிகள் வாழும் ஆற்றங்கரை: ஊரின் செல்வம் இவ்வளவுதான். உயர்ந்த கட்டடங்கள் குறைவு. கடைவீதி இரவில் சீக்கிரம் அடங்கிவிடும். படகுக்காரரும் மீனவரும் கடிகாரத்தைவிடக் கடலின் ஏற்ற வற்றத்தைப் பார்த்தே நாளை நடத்துகிறார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த ஊரைத் தெரியாதவர் குறைவு. ஆனால் பெரும்பாலான குடும்பங்களின் பயணம் இரவு எட்டு மணிக்கு வந்து, மின்மினி பார்த்து, பத்து மணிக்குள் வண்டியைத் திருப்புவதோடு முடிந்துவிடுகிறது. ஆற அமரக் கடற்கரையில் உட்கார வேண்டும் என்பதற்காக ஐந்தரை மணி நேரம் விமானத்தில் பறந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போகிறவர்கள் உண்டு. பெர்த் நல்ல ஊர்தான். அந்த நிதானத்தில் ஒரு பங்கு வீட்டுக்கு அருகிலேயே கிடைக்கிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. கோல சிலாங்கூருக்கு ஒரு முழு நாளும் ஓர் இரவும் ஒதுக்கினால்தான் ஊர் பிடிபடும்.

நாள் பார்ப்பது

இங்கே எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது என்பதைத் தீர்மானிப்பது நிலவு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் சூரியன், நிலவு இரண்டின் ஈர்ப்பும் ஒரே கோட்டில் சேர்வதால் கடல் அதிகமாக ஏறி, அதிகமாக வற்றும். கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய இந்தக் கரையில் அப்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டருக்கும் மேல் வேறுபாடு வரும். அந்த நாட்களில்தான் கடலுக்குள் இருக்கும் மணல்திட்டு ஒன்று வெளியே தலைகாட்டுகிறது. ‘ஸ்கை மிரர்’ என்று ஊரறிந்த இடம் அதுதான்.

மின்மினிக்கோ இருட்டு வேண்டும். பௌர்ணமி இரவில் நிலவொளி அதன் சின்ன வெளிச்சத்தை மங்கவைத்துவிடும். ஆகவே பௌர்ணமியில் போனால் மணல்திட்டு கிடைக்கும், மின்மினி சோபிக்காது. வளர்பிறை, தேய்பிறையின் நடுநாட்களில் போனால் மணல்திட்டு நீருக்கடியிலேயே இருந்துவிடும். இரண்டும் ஒருசேர அமைவது அமாவாசையை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில்தான்.

மூன்றாவது கணக்கு, பறவைகளுடையது. வலசைப் பறவைகள் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் இந்தக் கரையில் இருக்கும். நான்காவது, மழை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலையில் இடியுடன் கொட்டும் மழை படகுச் சவாரியைக் கெடுக்கும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தை, மாசி மாத அமாவாசைகளே பொருத்தமானவை. தை அமாவாசை பல ஆண்டுகளில் சீனப் புத்தாண்டோடு சேர்ந்து வருவதால், எதிர்க்கரை மீன் உணவகங்கள் பூட்டியிருக்கலாம், அல்லது உட்கார இடம் இல்லாமல் நிரம்பி வழியலாம். எனவே மாசி அமாவாசைக்கு முதலிடம் கொடுக்கலாம்.

வழி சிக்கலானதன்று. அம்பாங்கிலிருந்து நடுவட்டச் சாலை இரண்டில் ஏறி, பத்துமலையையும் செலாயாங்கையும் கடந்து, 2011-இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஈஜோக் வட்டாரத்தில் இறங்கலாம். அங்கிருந்து செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே நேர்ப்பாதை. இரவுப் படகு முடிந்து திரும்ப வேண்டியிருப்பதால் சொந்த வண்டியில் போவதே வசதி.

கடல் நடுவே மணல்

மணல்திட்டுக்குப் போகும் படகுகள் கோல சிலாங்கூர்ப் படகுத்துறையிலிருந்தும், தெற்கே ஜெராம் பக்கத்திலுள்ள சாசாரானிலிருந்தும் புறப்படுகின்றன. பயணம் ஏறத்தாழ அரை மணி நேரம். புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். நீர் எப்போது வற்றும் என்று பார்த்துத்தான் படகுக்காரர் நேரம் சொல்வார் என்பதால் முன்பதிவு அவசியம். போய்ச் சேர்ந்தால் கரை எதுவும் கண்ணுக்கு அருகில் இல்லாத இடத்தில், கணுக்கால் அளவு நீரில் நிற்கலாம். காற்று அடங்கியிருக்கும்போது அந்த மெல்லிய நீர்ப்பரப்பில் வானம் முழுதாகப் பிரதிபலிக்கும்.

எல்லோரும் படம் எடுப்பதில் மூழ்கியிருக்கும் நேரத்தில் காலடி மணலைக் கவனிப்பவர்களுக்குக் கூடுதல் பலன் உண்டு. மணலைக் கையால் கிளறினால் லாலா எனப்படும் சிப்பி கிடைக்கும். துளைகளுக்குள் சிறு நண்டுகள் ஓடி மறையும். நிழல் ஒரு துளிகூடக் கிடையாது என்பதால் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் தேவை. நீர் ஏறத் தொடங்கினால் திட்டு மளமளவென்று மறையும். படகுக்காரர் கூப்பிட்டதும் கிளம்பிவிட வேண்டும்.

புக்கிட் மெலாவத்தி

ஊரின் நடுவே எழும் குன்று புக்கிட் மெலாவத்தி. சிலாங்கூர் அரச பரம்பரையின் தொடக்க வரலாறு இந்தக் குன்றில்தான் இருக்கிறது. முதல் சுல்தான் சலாவுதீன், இரண்டாவது சுல்தான் இப்ராஹிம், மூன்றாவது சுல்தான் முகமது ஆகிய மூவரும் அடக்கம் செய்யப்பட்ட அரச கல்லறை மேலே இருக்கிறது. சுல்தான் முகமது மறைந்தது 1857-இல். அதே ஆண்டில்தான் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறிப் போய் அம்பாங்கில் ஈயம் தோண்டத் தொடங்கினார்கள். கோலாலம்பூர் என்ற நகரமே அந்தச் சுரங்கத்தின் விளைவு. அம்பாங்வாசிகளுக்கு இந்தக் குன்று அவ்வளவு அந்நியமானதன்று.

கோட்டையின் கதை 1784-இல் உச்சத்தை எட்டியது. புகிஸ் தலைவர் ராஜா ஹாஜி, சுல்தான் இப்ராஹிமின் துணையோடு டச்சுக்காரர் வசமிருந்த மலாக்காவை முற்றுகையிட்டார். ஐரோப்பாவிலிருந்து வந்த டச்சுக் கப்பற்படை முற்றுகையை உடைத்தது, ராஜா ஹாஜி களத்தில் மாண்டார். அடுத்த சில வாரங்களில் அதே படை கோல சிலாங்கூருக்கு வந்து கோட்டையைக் கைப்பற்றி, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் ‘ஆல்டிங்ஸ்பர்க்’ என்று பெயரிட்டது. சுல்தான் பகாங்குக்குப் போனார். மறு ஆண்டு பகாங் படையின் உதவியோடு தரைவழியே வந்து, இரவில் தாக்கிக் கோட்டையை மீட்டார். கடலை நோக்கிப் பீரங்கிகளைத் திருப்பி வைத்திருந்தவர்களுக்குக் காட்டுப் பக்கமிருந்து வந்த ஆபத்து புரியவில்லை. மேலே நின்று பார்த்தால் இதன் காரணம் தெளிவாகத் தெரியும். ஒருபுறம் ஆற்று முகத்துவாரமும் நீரிணையும் திறந்து கிடக்க, பின்புறம் மரங்கள் அடர்ந்திருக்கின்றன. 1871-இல் சிலாங்கூர் உள்நாட்டுப் போரின்போது பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘ரினால்டோ’ இந்தக் கோட்டையைச் சுட்டுத் தகர்த்தது. இன்று மிச்சமிருப்பவை சில பீரங்கிகளும் மதில் துண்டுகளும்தான். பக்கத்தில் நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1907-இல் கட்டப்பட்டது. ரமலான் பிறை பார்க்கும் இடமும் இதே குன்றில் அமைந்திருக்கிறது.

குன்றின் இன்றைய உரிமையாளர்கள் குரங்குகள். இரண்டு இனங்கள் உண்டு. வெள்ளி பூசியதுபோன்ற சாம்பல் மயிரும் நீண்ட வாலும் உச்சிக்குடுமியும் உள்ளவை லோத்தோங். இலைதழை தின்பவை, சாதுவானவை. இவற்றின் குட்டிகள் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பிறந்து, சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு மாறும். கரிய முகத்துத் தாயின் வயிற்றில் அந்த ஆரஞ்சுக் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போது, கூட்டத்தின் மற்றப் பெண்குரங்குகள் ஒவ்வொன்றாக வந்து அதைக் கைமாற்றி வாங்கி வைத்துக்கொள்வதைக் காணலாம். குட்டி வளர்ப்பைக் கூட்டமே பகிர்ந்துகொள்கிறது. இன்னோர் இனம், பழுப்பு நிற நீள்வால் குரங்கு. கையிலுள்ள பை, தண்ணீர்ப் போத்தல், மூக்குக்கண்ணாடி எதையும் விடாது. அங்கே விற்கும் பயற்றங்காயை வாங்கி லோத்தோங்குக்குக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அது தவிர்க்கப்பட வேண்டிய வழக்கம். மனிதர் கையை எதிர்பார்த்துப் பழகிய குரங்குக்கூட்டம் காட்டை மறந்து சாலைக்கு இறங்குகிறது. பத்துமலைப் படிகளில் இதன் விளைவை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடிவாரக் காடு

குன்றிலிருந்து இறங்கினால் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் 1987-இல் உருவானது. கடலோரக் காடுகள் இறால் குளங்களாகவும் செம்பனைத் தோட்டங்களாகவும் மாறிக்கொண்டிருந்த காலத்தில் இந்த ஒரு துண்டு தப்பியது. தமிழ்நாட்டின் பிச்சாவரத்தைப் பார்த்தவர்களுக்கு அலையாத்திக் காடு புதிதன்று. அங்கே படகில் போக வேண்டும், இங்கே பலகைப் பாதையில் நடந்தே காட்டுக்குள் போகலாம்.

நீர் வற்றியிருக்கும் நேரத்தில் நடைபாதையில் அசையாமல் ஐந்து நிமிடம் நின்றால் போதும், சேறு உயிர்பெறும். முதலில் நண்டுகள் வெளிவரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடலளவு பெரிதாக இருக்கும். வளைக்கு வெளியே நின்று அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிப் பெண் நண்டை அழைக்கும். அடுத்து பெலாசாக். இது மீன்தான், ஆனால் நீரை விட்டு வெளியே வந்து முன் துடுப்புகளை ஊன்றிச் சேற்றில் நகரும், துள்ளும், வேர்களில் ஏறும். செவுள் அறையில் நீரைத் தேக்கிவைத்துக்கொண்டும், ஈரத் தோல் வழியாகவும் மூச்சுவிடுகிறது. தோல் காய்ந்துவிடாமலிருக்க அவ்வப்போது சேற்றுக்குட்டையில் புரண்டு எழும். தலையின் உச்சியில் இருக்கும் கண்களை உள்ளிழுத்து நனைத்துக்கொள்வதையும் பார்க்கலாம். பிள்ளைகளோடு வருபவர்கள் இந்த நடைபாதைக்கு நேரம் ஒதுக்க வேண்டும். ஊரில் அதிகச் செலவில்லாத, ஆனால் அதிகம் கற்றுத்தரும் இடம் இதுவே.

நீர் ஏறும் நேரம் பறவைகளுக்கானது. சைபீரியாவில் குஞ்சு பொரித்து, குளிருக்கு அஞ்சித் தெற்கே பறக்கும் உள்ளான்களும் கோட்டான்களும் சிலாங்கூர்ச் சேற்றுக்கரையில் இறங்கி இரை தேடுகின்றன. சில இங்கேயே தங்கிவிடும், சில ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரை வரை போகும். பெர்த் நகரின் ஸ்வான் ஆற்று முகத்துவாரத்திலும் இதே வலசைப் பாதையின் பறவைகள் வந்து சேர்கின்றன. கிழக்காசிய – ஆஸ்திரேலிய வலசைப்பாதை என்று பறவையியலாளர்கள் குறிப்பிடும் அந்த நெடும்பாதையில் நடுவழிச் சத்திரம் இந்தச் சேறு. ஓதம் ஏறிச் சேற்றுவெளி மூழ்க மூழ்கப் பறவைகள் கரைப்பக்கமாக நெருங்கும். இருநோக்கி இருந்தால் நல்லது. வெண்ணிற உடலும் மஞ்சள் அலகும் கொண்ட பெரிய நாரை கண்ணில் பட்டால் அது தனிச் சிறப்பு. அருகிவிட்ட அந்த இனத்தை அம்பாங்கை அடுத்த உலு கிள்ளானிலுள்ள தேசிய விலங்குக்காட்சிசாலை கூண்டில் பெருக்கி இந்தப் பூங்காவில் விட்டிருக்கிறது.

எதிர்க்கரைச் சாப்பாடு

ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பாசிர் பெனாம்பாங். சீன மீனவர்களின் குடியிருப்பு. மாலை ஐந்தரை மணிக்குப் போவது நல்லது. ஆற்றைப் பார்த்த மேசை கிடைக்கும், மீன்பிடிப் படகுகள் திரும்பும் காட்சியும் கிடைக்கும். படகிலிருந்து வீசப்படும் கழிவுகளுக்காகச் செம்பருந்துகள் வட்டமிட்டுத் தாழ்ந்து வரும். நண்டு, கிராங் சிப்பி, லாலா, ஆவியில் வேகவைத்த மீன் ஆகியவை இங்குள்ள வழக்கமான உணவு. மீனும் நண்டும் எடைக்கு விலை சொல்லப்படுவதால், சமைக்கும் முன் விலையைக் கேட்டுக்கொள்வது நல்லது. பக்கத்துக் கடைகளில் நெத்திலிக் கருவாடு, காய்ந்த இறால், மீன் கெரோப்போக் வாங்கலாம். மாமிசம் தவிர்ப்பவர்களுக்கு இங்கே வாய்ப்பு குறைவு. அவர்கள் ஊருக்குள்ளோ புக்கிட் ரோத்தானிலோ இந்திய உணவகம் தேடிக்கொள்ளலாம்.

மின்மினி ஆறு

இருட்டியதும் கம்போங் குவாந்தான். ஊரிலிருந்து 9 கிலோமீட்டர். பாதுகாப்பு அங்கி மாட்டிக்கொண்டு மரச் சம்பானில் நால்வர் ஏற, படகுக்காரர் துடுப்பு வலிக்கிறார். வேறொரு கரையில் மின்கலப் படகுகளும் உண்டு. ஆனால் துடுப்புப் படகே மேல். இரைச்சல் இல்லை, கரையை ஒட்டி மெல்ல நகரும், ஒரு மரத்தடியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள்.

ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில்தான் இவை கூடுகின்றன. பூச்சியின் நீளம் அரிசிமணியளவு. தெரோப்டிக்ஸ் தெனெர் என்பது அறிவியல் பெயர். மற்ற ஊர் மின்மினிகள் பெரும்பாலும் தன்போக்கில் மினுங்கும். இந்த இனத்தின் ஆண்பூச்சிகளோ ஒரு மரத்தில் ஆயிரக்கணக்கில் அமர்ந்து, ஒரு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைகின்றன. தாளம் போட்டுக்கொடுக்கத் தலைவன் எவனும் கிடையாது. ஒவ்வொன்றும் பக்கத்துப் பூச்சியின் ஒளியைப் பார்த்துத் தன் நேரத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளிக்கொள்கிறது. சிறிது நேரத்தில் மரம் முழுதும் ஒன்றுசேர்கிறது. இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் உயிரணுக்கள் ஒத்திசைவதும் இதே முறையில்தான் என்பதைக் கணித அறிஞர்கள் மிரோலோவும் ஸ்ட்ரோகாட்ஸும் 1990-இல் ஒரு மாதிரியின் வழியே விளக்கினார்கள்.

பார்க்கும்போது கடைப்பிடிக்க வேண்டியவை சில. கைப்பேசித் திரையை அணைத்துவிட வேண்டும். ஃபிளாஷ் விளக்கோடு படம் எடுக்கக் கூடாது. அப்படி எடுத்தால் படத்தில் இலைகள் மட்டுமே விழும், பூச்சிகளின் தாளமும் கலைந்துபோகும். பூச்சியைப் பிடித்துப் போத்தலில் அடைக்கக் கூடாது. கொசுக் களிம்பு பூசிய கையைப் படகேறும் முன் கழுவிவிட வேண்டும், மரக்கிளையைத் தொடாமலிருப்பது அதைவிட நல்லது. கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை பேச்சைக் குறைத்துக்கொண்டால் துடுப்புச் சத்தமும் ஆற்றின் ஓசையும் கேட்கும்.

இந்த மரங்கள் முன்போல் நிறைந்திருப்பதில்லை என்பது ஆற்றங்கரைக்காரர்களின் நெடுநாள் வருத்தம். காரணங்கள் தெரிந்தவையே. மின்மினி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைப் புழுவாக, கரையோர ஈரமண்ணில் கழிக்கிறது. அங்குள்ள சிறு நத்தைகளே அதன் இரை. கரையை வெட்டித் திருத்திச் செம்பனை நட்டால் புழுவும் போகும், நத்தையும் போகும். கட்டடங்களின் வெளிச்சம் இணை தேடும் ஒளியை மறைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஆற்று நீர். பெரெம்பாங் மரம் வளர நன்னீரும் உப்புநீரும் குறிப்பிட்ட அளவில் கலந்திருக்க வேண்டும். மேலே அணையும் நீரெடுப்பும் பெருகினால் நன்னீர் வரத்து குறைந்து கடல்நீர் உள்ளே ஏறும். சிலாங்கூர் ஆற்றின் அணை 2000-களின் தொடக்கத்தில் கோல குபு பாரு அருகே கட்டப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பங்கு இந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. பள்ளத்தாக்கு வீடுகளின் குழாயும் கம்போங் குவாந்தானின் மரமும் ஒரே ஆற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. மின்மினியைக் காப்பது கோல சிலாங்கூர்க்காரர்களின் பொறுப்பு மட்டுமன்று, குழாயைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் பங்குண்டு.

தோட்டங்களும் வயல்களும்

இரவு தங்குபவர்களுக்கு மறுநாள் இரண்டு திசைகள் உண்டு. உள்நாட்டுப் பக்கம் போனால் முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா வட்டாரம். பிரெஞ்சுக்காரர் ஹென்ரி ஃபோகோனியே 1917-இல் இங்குள்ள தென்னாமாரம் தோட்டத்தில் செம்பனையை வணிக அளவில் நட்டார். நாட்டில் அதுவே முதல் முறை. பின்னாளில் மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. பரிசு எழுதியவருக்குப் போனது. காட்டை வெட்டி, பால்மரம் சீவி, செம்பனைக் குலை தள்ளிய தமிழ்த் தொழிலாளர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. இந்த மாவட்டத்துத் தோட்டங்களில் பிறந்து, பிழைப்புக்காகக் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் ஏராளம். தாத்தா பாட்டியின் தோட்டம் இந்தப் பக்கம் என்று தெரிந்தால் அந்த மண்சாலையில் ஒரு சுற்றுப் போய்வருவது நல்லது. லயன் வீடுகள் மறைந்திருந்தாலும் தோட்டக் கோயில் பெரும்பாலும் இடத்திலேயே இருக்கும்.

வடக்கே போனால் தஞ்சோங் காராங்கும் செகிஞ்சானும். பெர்ணாம் ஆற்றுப் பாசனத்தில் ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் நெல்வயல்கள். நாற்று நட்ட சில வாரங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, அறுவடைக்கு முன் பொன்னிறம். அறுத்தபின் வெறும் கட்டாந்தரை என்பதால் எந்தப் பருவம் என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. அங்குள்ள நெல் ஆலைக் கண்காட்சியையும் ரெடாங் கடற்கரையில் சிவப்பு நாடாக்கள் தொங்கும் வேண்டுதல் மரத்தையும் பார்க்க ஒரு முற்பகல் போதும்.

திரும்பும்போது வந்த வழியே வராமல், கடலோரமாக ஐந்தாம் எண் சாலையில் ஜெராம், காப்பார் வழியாகக் கிள்ளானுக்கு வரலாம். மதிய உணவுக்குத் தெங்கு கிளானா சாலையின் லிட்டில் இந்தியா, மாலையில் நடை திறந்ததும் சுந்தரராஜப் பெருமாள் கோயில், பிறகு கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு அம்பாங் வந்துவிடலாம். ஞாயிறு மாலையில் அந்த நெடுஞ்சாலை நெரியும் என்பதால் ஐந்து மணிக்குள் கிளம்ப விரும்புபவர்கள் கோயிலைக் காலைப் பூசைக்கு மாற்றிவைத்துக்கொண்டு, செகிஞ்சானை அடுத்த பயணத்துக்கு விட்டுவிடலாம்.